பேய் வீடும் மெய்ப்பாட்டியலும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலைத் தொடங்குமிடத்து முப்பத்திரண்டு பொருள்களைச் சுட்டி, அவை பண்ணையில் தோன்றுவன என்கிறார். பண்ணை என்பது விளையாட்டு. உரியியலிலும் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் அவரே அப்பொருளை உரைத்திருத்தலால் இதில் ஐயுறுதற்கு இடமில்லை. விளையாட்டிடத்தே நகை பிறப்பதும் உவகை பிறப்பதும் எவர்க்கும் விளங்கும். அச்சம் அங்கே எவ்வாறு பிறக்கும்? எட்டு மெய்ப்பாடுகளையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் மாணாக்கர் இவ்வினாவை எழுப்புவது அரிது. எழுப்பினும், விடை கூறப் புகும் ஆசிரியரிடம் யானையைக் கண்டு அஞ்சிய தலைவியைத் தவிர வேறு எடுத்துக்காட்டு இருப்பதும் அரிதே.

எடுத்துக்காட்டு தொலைவில் இல்லை. சிங்கப்பூரின் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவில், 2011-ஆம் ஆண்டு தொடங்கி, ஹாலோவீன் பருவத்தில் 'ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்' என்னும் திகில் இரவுகள் நடத்தப்படுகின்றன. இடையே 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அவை நடைபெறவில்லை. அச்சத்தை விலைக்கு விற்கும் ஒரு கலை, அச்சம் உலகெங்கும் விலையின்றிக் கிடைத்த காலத்தில் ஏன் வாயடைத்து நின்றது என்னும் கேள்வி வணிகர்க்கு மட்டும் உரியதன்று. மெய்ப்பாட்டியல் பயில்வோர்க்கும் உரியது.

பேய் வீட்டை நாடகத்தின் பாற்படுத்தியே மதிப்பிடல் வேண்டும். நாடக அரங்கில் காண்போர் அமர்ந்திருக்க, நிகழ்ச்சி அவர் முன்னே நகர்ந்து செல்லும். பேய் வீட்டிலோ காட்சிகள் தத்தம் இடத்தே நிற்க, காண்போர் நடந்து செல்வர். நடைவழியின் வளைவு, இருட்டு, திடீரென வீசும் குளிர்காற்று, நாற்றம், ஓசை என்பன திட்டமிடுவோன் கையிலுள்ள கருவிகள். இடப்பக்கம் ஒரு பெரும் பொம்மையை நிறுத்திக் கண்களை அங்கே ஈர்த்துவிட்டு, வலப்பக்கச் சுவரின் மறைவிலிருந்து நடிகனைப் பாயவிடுவது இக்கலையின் அரிச்சுவடி. அந்நடிகன் சில நொடி நீளமுள்ள அதே பாய்ச்சலை ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை நிகழ்த்துகிறான். மேடை நடிகனுக்குக் கிடைக்கும் கைதட்டல் அவனுக்கு இல்லை. ஓர் அலறல் கிடைக்கும், பின் அடுத்த குழு வந்துவிடும்.

நடிப்போன் செய்தது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் கருத்தை இளம்பூரணர் உரையிற் காணலாம். பேய் வீட்டில் இச்சென்றடைதல் இரட்டிக்கிறது. அஞ்சியவன் அலறுகிறான், அவன் அலறலைக் கண்ட தோழன் நகைக்கிறான், அடுத்த வளைவில் நகைத்தவன் அலற, அலறியவன் நகைக்கிறான். அச்சமும் நகையும் இவ்வாறு அடிக்கு அடி இடம் மாறிக்கொள்வதாலேயே இது பண்ணையாகிறது. தனியே நடந்து செல்லும்படி விதித்தால் இப்பேய் வீடுகளிற் பாதி வெறும் இருட்டறைகளாகவே எஞ்சும்.

இதற்கெல்லாம் அடிநிலையாக எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று உண்டு. வாயிலில் தொடங்கும் அச்சம் மறு வாயிலில் முடிந்துவிடும் என்பதே அது. 1984-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள கிரேட் அட்வென்சர் பூங்காவில் பேய்க்கோட்டை ஒன்று தீப்பற்றி எரிந்து, பதின்பருவத்தினர் எண்மர் மாண்டனர். அதன் பின்னரே இத்தகைய கட்டடங்களுக்கு நீர்தெளிப்பான், புகை உணர்கருவி முதலியவை பற்றிய விதிகள் அங்கே இறுக்கம் பெற்றன. அச்சக் கலையின் வரலாற்றில் இது தீயணைப்புத் துறையின் செய்தி மட்டுமன்று. உடன்படிக்கை முறிந்தவிடத்து அச்சச் சுவை இல்லை. அங்கே இருப்பது இழவு.

இழவு அச்சத்தின் பாற்பட்டதன்று, அழுகையின் பாற்பட்டது. தொல்காப்பியரின் பகுப்பை இவ்விடத்தே நினைவிற் கொள்ளல் வேண்டும். அச்சத்துக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் நான்கு: வருத்தும் தெய்வமாகிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறைவர். இழப்பை அவர் அழுகைக்கும், பிணியை இளிவரலுக்கும் உரியதாக்கினார். நிலையற்ற காலங்களில் பேய் வீடு தடுமாறியதன் காரணம் இப்பகுப்பிலேயே அடங்கியிருக்கிறது. அக்காலங்களில் மக்கள் மனத்தே அச்சம் மிகுந்துவிட்டதால் கூடுதல் அச்சம் வேண்டப்படவில்லை என்று பொதுவாகக் கூறுவர். அது மேலோட்டமான விளக்கம். அச்சத்தின் இடத்தை வேறொரு மெய்ப்பாடு பிடித்துக்கொண்டது என்பதே உண்மைக்கு நெருங்கியது.

2001-ஆம் ஆண்டு நிகழ்ச்சி இதற்கு முதற் சான்று. கேளிக்கைப் பூங்காக்களின் ஹாலோவீன் மரபு கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்மில் 1973-இல் வேரூன்றியது. புளோரிடாவின் ஓர்லாண்டோ நகரிலுள்ள யுனிவர்சல் பூங்கா 1991-இல் தன் திகில் இரவுகளைத் தொடங்கியது. அப்பூங்கா 2001-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு ரம்பமேந்திய கொலைஞன் ஒருவனைத் தலைமைப் பாத்திரமாக்கி, விளம்பரங்கள் வரை ஆயத்தம் செய்திருந்தது. செப்டம்பர் 11 குறுக்கிட்டது. பருவம் கைவிடப்படவில்லை, ஆனால் அக்கொலைஞன் விலக்கப்பட்டான், குருதிக் காட்சிகள் குறைக்கப்பட்டன, சில பெயர்கள் மாற்றப்பட்டன.

இத்திருத்தத்தை வணிக எச்சரிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. வணிக எச்சரிக்கை இல்லையென்று சொல்வதற்கில்லை. எனினும் திருத்தியவர் கை எங்கே விழுந்தது என்று நோக்குக. கள்வர் வகைப்பட்ட அச்சத்தையும் குருதியையும் குறைத்தார். அணங்கையும் விலங்கையும் விட்டுவைத்தார். மனிதன் மனிதனைக் கொல்லும் காட்சி அந்த அக்டோபரில் அச்சம் தராது, அழுகையே தரும் என்பதை அவர் எந்நூலையும் கற்காமலே உணர்ந்திருந்தார். பேய்க்கு உறவினர் இல்லை. எனவே பேய் எவருடைய இழவையும் நினைவூட்டுவதில்லை.

2020-இல் இவ்வகைத் திருத்தம் பயன்படாது போயிற்று. ஓராண்டுக்கும் மேலாகத் திட்டமிட்டு, தச்சர் கைவைத்து, பாதி எழும்பிநின்ற வீடுகளோடு ஓர்லாண்டோப் பூங்கா தன் முப்பதாம் பருவத்தை எதிர்நோக்கியிருந்தது. ஜூலை மாதத்தில் அது கைவிடப்பட்டது. கலிபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்மின் பேய் இரவுகளும் அவ்வாண்டு இல்லை. சிங்கப்பூரில் ஏப்ரல் 7-ஆம் நாள் தொடங்கிய கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம் முடிந்து, ஜூலை முதல் நாள் செந்தோசாப் பூங்கா குறைந்த எண்ணிக்கையினர்க்கு மட்டும் திறக்கப்பட்டது. ஐவருக்கு மேல் கூடலாகாது, ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும், முகக்கவசம் கட்டாயம் என்ற விதிகளோடு திகில் இரவுகளைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைத்தது. நெருக்கத்தை முதலாகக் கொண்ட தொழிலுக்கு இடைவெளி பெருஞ்செலவு.

கணக்கு மட்டும் தடையாக இருந்திருப்பின் கட்டணத்தை உயர்த்தியிருக்கலாம். உண்மைத் தடை வேறு. பிணி இளிவரலின் நிலைக்களன் என்றல்லவா தொல்காப்பியர் வகுத்தார்? இளிவரல் என்பது சுருங்குதல், கூசுதல், இழிவாக உணர்தல். 2020-இல் மின்தூக்கியில் ஒருவர் இருமினால் மற்றவர் அலறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோடு ஒதுங்கினார். தன் மூச்சே பிறர்க்கு நஞ்சாகலாம் என்ற கூச்சம் ஒவ்வொருவரிடமும் இருந்தது. அணங்கு, விலங்கு, கள்வர், இறைவர் ஆகிய நால்வகையும் அஞ்சுவோனுக்கு எதிரே நிற்பவை. அவற்றுக்கு முகம் உண்டு, அவற்றிடமிருந்து ஓடலாம், ஓடும்போது தோழனின் கையைப் பற்றலாம். கிருமிக்கு முகமில்லை, அது தோழனின் கையிலேயே இருக்கலாம். பேய் வீட்டின் உயிர்நிலையான அந்தக் கைப்பற்றலே ஐயத்துக்குரியதானபின், வீட்டைத் திறந்து என்ன, மூடி என்ன?

ஜப்பான் இச்சிக்கலை வேறொரு முனையில் தொட்டது. அந்நாட்டுக் கேளிக்கைப் பூங்காச் சங்கங்கள் 2020-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளில், வருவோர் உரக்க அலறுவதைத் தவிர்க்குமாறு வேண்டின. ஃபூஜி மலையருகே உள்ள ஃபூஜி-கியூ பூங்காவின் அலுவலர் இருவர் முகக்கவசமணிந்து, பாய்ந்திறங்கும் ஊர்தியில் முகமசையாது அமர்ந்து சென்று, அலறலை நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுமாறு ஒரு படக்காட்சியில் கேட்டுக்கொண்டனர். உலகம் அதைக் கண்டு நகைத்தது. மெய்ப்பாட்டியல் கற்றவர்க்கு அது நகைக்கத்தக்கது மட்டுமன்று. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலே மெய்ப்பாடு. வெளிப்பாட்டை விலக்கிவிட்டு உணர்வை மட்டும் நுகரச் சொல்வது, அச்சத்தை அதன் மெய்யிலிருந்து பிரித்தெடுப்பதாகும். முகக்கவசம் பாதி முகத்தையும் மறைத்துவிட்டபின் கண்கள் மட்டுமே எஞ்சின.

தோக்கியோவில் அவ்வாண்டு ஒரு குழுவினர் மகிழுந்துப் பேய் வீடு ஒன்றை அமைத்தனர். இருண்ட கொட்டகையுள் மகிழுந்தை நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே அமர்ந்திருப்போரை, வெளியே பேய் வேடத்தினர் கண்ணாடியில் அறைந்தும் செயற்கைக் குருதியைப் பூசியும் அச்சுறுத்தினர். நெருக்கடியில் பிறந்த புதுமை என்று அது பாராட்டப்பட்டது. வேலையிழந்திருந்த நடிகர்க்கு அது வேலை தந்தது என்பதாலும் பாராட்டத்தக்கதே. ஆயினும் கலை என்ற அளவில் அது பின்னோக்கிய அடி. நடந்து சென்றவனை அது மீண்டும் இருக்கையில் அமர்த்திவிட்டது. அடுத்த வளைவில் என்ன இருக்கிறதோ என்று தெரிந்தும் காலெடுத்து வைப்பதே பேய் வீட்டில் காண்போன் ஆற்றும் பங்கு. அந்தப் பங்கு பறிக்கப்பட்டபின் கண்ணாடி திரையாகிவிடுகிறது. திரைப்படத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை.

ஓர்லாண்டோவில் அவ்வாண்டே, கட்டி முடிந்திருந்த வீடுகளுள் சில பகல் வேளையில் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஜேம்ஸ் வேல் 1935-இல் இயக்கிய பிராங்கன்ஸ்டைனின் மணமகள் திரைப்படத்தின் தொடர்ச்சியாகப் புனையப்பட்டது. தனிக் கட்டணமில்லை; முகக்கவசமும் இடைவெளியும் உண்டு. இரவும் நெரிசலும் இல்லாத அவ்வீடுகளைத் திறந்தவர்க்கு நட்டத்தை ஓரளவு ஈடுசெய்யும் எண்ணம் இருந்திருக்கலாம். ஆயினும் அம்முயற்சி தோக்கியோ முயற்சியினும் மேலானது; ஏனெனில் நடையை அது விட்டுக்கொடுக்கவில்லை.

செந்தோசாவில் இரண்டாண்டுகளும் திகில் இரவுகள் நடைபெறவில்லை. அதன் இழப்பை அளக்க வேண்டுமாயின் அதற்கு முந்திய வீடுகளை நோக்குதல் வேண்டும். தொடக்கத்தில் மேலைநாட்டு உருக்களையே பெரிதும் சார்ந்திருந்த இந்நிகழ்ச்சி, பின்னர் உள்ளூர் மண்ணைத் தோண்டத் தொடங்கியது. 2014-இல் பள்ளிக்கூடம் ஒன்றும், 'மாத்தி' என்னும் மலாய்ச் சொல்லால் இறப்பைக் குறித்த படைமுகாம் ஒன்றும் பேய் வீடுகளாயின. 2015-இல் அடுக்குமாடிக் குடியிருப்பும் பெருவிரைவு ரயிலும், 2016-இல் உணவங்காடி நிலையமும் பழைய சாங்கி மருத்துவமனையும், 2018-இல் பொந்தியானாக்கும் வந்தன. மகப்பேற்றில் மாண்டவளின் ஆவியாக மலாய் மக்கள் நம்பும் பொந்தியானாக், தமிழர் அணங்கு என்று வழங்கியதற்கு மிக அண்மையள். 1957-இல் அவளைச் சிங்கப்பூரில் திரைக்குக் கொண்டுவந்த இயக்குநர் பி. என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதும் நினைக்கத்தக்கது. படைமுகாம் இறைவர் வகைப்பட்ட அச்சம். தேசிய சேவையாற்றிய இளைஞர்க்கு அதை விளக்க வேண்டியதில்லை.

வரும் மக்களின் அன்றாட இடங்களையே பேய் வீடாக்கியது இத்திட்டமிடுவோரின் பெருஞ்சாதனை. தொலைதூரக் கோட்டையில் திரியும் பேயைவிடப் பதின்மூன்றாம் மாடி நடைவழியில் நிற்கும் பேய் வலியது. ஏனெனில் நிகழ்ச்சி முடிந்து செல்வோன் அந்நடைவழிக்கே திரும்புகிறான். உடன்படிக்கையின் விளிம்பை இது மெல்லத் தொட்டுப் பார்க்கிறது, ஆனால் மீறவில்லை. சாங்கி மருத்துவமனை வேறு. 1930-களில் பிரிட்டிஷ் படையினர்க்காக எழுந்து, 1997 வரை நோயாளிகளைப் பேணிய உண்மையான இடம் அது. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் சாங்கி வட்டாரம் கைதிகளின் வட்டாரமாயிருந்தது. அத்துன்பத்தை அறிந்த குடும்பங்கள் இன்றும் உள்ளன. அங்கே பேயை உலவவிடுவது அணங்கின் பெயரால் இழவைத் தொடுவதாகும். 2001-இல் ஓர்லாண்டோக்காரர் கைவிட்டதை 2016-இல் செந்தோசாவினர் கையிலெடுத்தனர் என்றே கொள்ள வேண்டும். காலம் கடந்துவிட்டால் இழவு அச்சமாகிவிடும் என்பது அவர்தம் கணிப்பாகலாம். எத்தனை ஆண்டு கடந்தால் என்பதை எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை.

அவ்விரண்டாண்டு இடைவெளியில் சிங்கப்பூரிலேயே நிகழ்ந்த வேறொன்றையும் குறிப்பிடல் வேண்டும். பாசிர் பாஞ்சாங்கிலுள்ள ஹவ் பார் வில்லா, 1937 முதல் சிங்கப்பூரர் அறிந்த இடம். அங்குள்ள நரகத்தின் பத்து மன்றங்களைத் தாத்தா பாட்டியர் கைப்பிடித்துக் காட்ட, பொய் சொன்னால் நாக்கறுபடும் என்று கற்றுக்கொண்ட தலைமுறைகள் பல. அதுவும் ஒரு பேய் வீடே. பாய்ந்து வரும் நடிகரில்லாப் பேய் வீடு. 2021-இல் அப்பத்து மன்றங்களையும் உள்ளடக்கி, இறப்பையும் மறுமையையும் பல சமயத்தார் எவ்வாறு கருதினர் என்று விளக்கும் நரக அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. செந்தோசாவின் திகில் இரவுகள் நின்றிருக்க இது திறந்ததன் காரணம் எளிது. சுதைப் பொம்மைக்கு மூச்சில்லை.

செந்தோசாவிலோ மூச்சுள்ள நடிகரே முதல். ஆண்டுதோறும் அப்பருவத்துக்கென்று சேர்க்கப்பட்டு, ஒப்பனையும் பயிற்சியும் பெறும் இளையரே இக்கலையின் உடல். தச்சரும் ஒப்பனைக்காரரும் அவ்வாறே பருவத்தை நம்பியவர். கட்டடத்தை ஓராண்டு பூட்டிவைக்கலாம். இருட்டில் எதிரே வருபவன் அஞ்சுவானா, நகைப்பானா, மயங்கி விழுவானா என்று ஒரு நொடியில் கணிக்கும் உடலறிவைப் பூட்டிவைத்தற்கு இயலாது. நடிகனிடமிருந்து நடிகன் கற்கும் இத்தகைய தொழிலில் இரண்டு பருவம் தவறுவது ஒரு தலைமுறை தவறுவதற்கு ஒப்பு. இவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. தெருக்கூத்துக் குழுவொன்று இரண்டாண்டு ஆடாதிருந்தால் நேர்வதை அறிந்தவர் இதை அறிவர்.

2022 ஆகஸ்ட்டு 29-ஆம் நாள் முதல் பெரும்பாலான உள்ளிடங்களிலும் முகக்கவசம் கட்டாயமில்லை என்றாயிற்று. அவ்வாண்டின் ஹாலோவீன் பருவத்திலேயே செந்தோசாவின் பத்தாம் தொகுதித் திகில் இரவுகள் நிகழ்ந்தன. இதைத் தற்செயல் என்பதைவிட, முகம் மீண்டதும் மெய்ப்பாடு மீண்டது எனல் பொருந்தும்.

அதற்கடுத்த 2023-ஆம் ஆண்டின் வீடுகளுள் இரண்டு ஆராயத்தக்கவை. ஒன்று 'தீயூ' என்னும் சீன நரகத்துள் இறங்கிச் செல்வது. ஹவ் பார் வில்லாவின் மன்றங்களுக்கு மூச்சு வந்தாற்போன்றது. மற்றொன்று, 2022 ஜனவரியில் வெளிவந்து உலகெங்கும் பார்க்கப்பட்ட 'ஆல் ஆஃப் அஸ் ஆர் டெட்' என்னும் கொரியத் தொடரைத் தழுவியது. பெயர் பெற்ற தொடர்களைத் தழுவுவது சோம்பலான வழி என்ற குறை முன்பே உண்டு. பார்த்த காட்சியை அடையாளங் கண்டு மகிழ்வோன் அஞ்சுவதற்கு மறந்துவிடுகிறான். 2018-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வீட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் கொரியத் தொடரின் தேர்வில் சோம்பலுக்கு மேற்பட்ட ஒன்று இருக்கிறது. அத்தொடரில் உயர்நிலைப் பள்ளியொன்றில் கிருமி பரவுகிறது. கடிபட்டவர் பிறரைக் கடிக்கின்றனர். அரசு நகரை அடைத்துவிடுகிறது. முறியடிப்புக் காலத்தைக் கடந்து வந்த ஓர் ஊரில், மூன்று ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், மக்கள் பணம் கொடுத்துத் தொற்றுக்குள் நுழைந்தனர்.

அது எவ்வாறு இயன்றது என்பதற்கு விடை கதையின் வித்திலேயே உள்ளது. பிற மாணவரின் கொடுமைக்கு ஆளான தன் மகனைக் காக்க விழைந்த அறிவியல் ஆசிரியர் ஒருவர், அச்சத்தை வெகுளியாக மாற்றும் வழியைத் தேடி அக்கிருமியை உண்டாக்கினார் என்பது கதை. ஒரு மெய்ப்பாட்டை மற்றொன்றாக மாற்ற முயன்ற அவ்வாசிரியர் கதைக்குள் தோற்றார். கதைக்கு வெளியே, பிணியை இளிவரலிலிருந்து பெயர்த்தெடுத்து, அதற்குப் பல்லும் காலும் கொடுத்து, விலங்கின் வரிசையில் நிறுத்திய திட்டமிடுவோர் வென்றனர். 2020-ஆம் ஆண்டின் உண்மையான உணர்வு, அதாவது பக்கத்தில் நிற்பவரைக் கண்டு கூசிய உணர்வு, அவ்வீட்டில் இல்லை. இருந்திருந்தால் ஒருவரும் நுழைந்திரார். எதிரே பாய்ந்து வருவது பிணியானாலும் அதற்கு முகம் இருந்தது. இருட்டில் முன்செல்பவர் எவரென்று தெரியாமலே அவர் தோளைப் பற்றிக்கொள்ளும் பழைய உரிமையும் திரும்பியிருந்தது.